ஏகலைவனும் தாமாக முன்வந்தவன்தான்

(ஜவளகிரியில் நடந்த தொழிலாளர் - மாணவர் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "பணியிடத்தில் ஊழியர்கள் தமது ஊனத்தைத் தாமாக முன்வந்து தெரிவித்தல்". துண்டறிக்கை அடிக்கக் கொண்டுபோன தோழர், "என்ன தோழர், பேங்க் சர்க்குலர் மாதிரி இருக்கு" என்றார். சர்க்குலர் மொழிதான். வேலைக்குச் சேருகிறபோது சில கம்பெனிகளில் நீட்டுகிற காகிதக் கட்டில் இப்படி ஒரு தாளும் இருக்கிறது. உங்களுக்கு ஊனம் ஏதும் உண்டா? உண்டு, இல்லை, சொல்ல விருப்பமில்லை. மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக். கீழே கையெழுத்து.

இந்தத் தாள் பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே 1990-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம், வேலை தருவதற்கு முன்னால் முதலாளி ஊனத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று தடுத்தது. பிறகு 2014-இலிருந்து, அந்த அரசாங்கத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் கம்பெனிகள் நூற்றுக்கு 7 பேராவது ஊனமுற்றோராக இருப்பதை இலக்காகக் கொள்ள வேண்டும், அதை அளப்பதற்காக ஊழியர்களைத் தாமாகச் சொல்லும்படி அழைக்க வேண்டும் என்று விதி வந்தது. சொல்வது கட்டாயமில்லை, சொன்னது ரகசியம் என்பது அதன் நிபந்தனை. 2025-இல் அந்த இலக்கையும் அந்தத் தாளையும் எடுத்துவிடலாம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையே முன்மொழிந்தது. நம்மிடம் தாள் மட்டும் கப்பலேறி வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த இலக்கும் காவலும் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன.

சரி, நம்ம பகுதியில் இந்தத் தாள் யார் கைக்கு வருகிறது? ஒரு தலைமுறைக்கு முன்னால் ஜவளகிரி, தளி, கெலமங்கலம் பக்கத்துக் காலனிகளுக்கு இருந்தது ராகி வயல் கூலியும் கல்குவாரியும். இன்று விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ். யானை இறங்குகிற மாதங்களில் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடப்பதற்கே துணை வேண்டும். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், எல்லையைத் தாண்டினால் அத்திபெலே, பொம்மசந்திரா, ஜிகணி. போகிறவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட், டிரெய்னி, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிறக்கிற ஆட்கள். அவர்களிடம்தான் 'தாமாக முன்வந்து' சொல்லச் சொல்கிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 1980களில் ஓசூரில் தொடங்கிய டைட்டன் கடிகார ஆலை, ஆரம்ப காலம் தொட்டே ஊனமுற்ற இளைஞர்களை வேலைக்கு எடுத்தது. அதற்காகப் பாராட்டும் பெற்றது. அங்கே எடுக்கும்போதே கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தே எடுத்தது. அதனால் சொல்லலாமா மறைக்கலாமா என்ற பிரச்சினையே எழவில்லை. யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தமிழக அரசு 2010-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல எண்ணத்தில்தான். ஆனாலும் மேலிருந்து இறங்குகிற மரியாதைப் பெயர் என்றாலே நமக்கு 'ஹரிஜன்' ஞாபகம் வந்துவிடுகிறது. எது வேண்டும் என்பதை அந்தத் தோழர்கள் முடிவு செய்யட்டும்; நான் இரண்டையும் சொல்கிறேன். இந்த எல்லைப் பகுதியில் தெருவில் புழங்குகிற பெயர் வேறே. தமிழில் நொண்டி, தெலுங்கில் குண்ட்டி, கன்னடத்தில் குண்ட்டா. மூன்று மொழிக்காரர்களும் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள், இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. சாதிப் பெயரும் அப்படித்தான், மூன்று மொழியிலும் திட்டாகவே இருக்கிறது.

இரண்டும் திட்டானதற்குக் காரணம் ஒன்றே. மனுவின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொத்தில் பங்கு கிடையாது என்று ஒரு பட்டியல் வருகிறது. பிறவியில் பார்வையற்றவர், காது கேளாதவர், சித்தம் கலங்கியவர், வாய் பேசாதவர். இவர்களோடு அதே வரிசையில் நிற்கிறார் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர். சாதிக்கும் ஊனத்துக்கும் பார்ப்பனீயம் தருகிற விளக்கம் முன்வினை. போன பிறவியில் செய்ததை இந்தப் பிறவியில் அனுபவிக்கிறாய். அம்பேத்கர் தமது 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் போன பிறவிக் கர்மத்தை ஏற்க மறுத்து வாதிட்டது இதனால்தான். முன்வினை போனால்தான் அநியாயத்துக்கு இன்றைய ஆளிடம் கணக்குக் கேட்க முடியும். 'குருட்டு நம்பிக்கை', 'முடமான சமுதாயம்' என்று நம் மேடைகளிலும் கவிதைகளிலும் தாராளமாகப் புழங்குகிறதே, அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைத்தல் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். சில நாட்களில் தடியோடு ஒரு கும்பல் வந்து வெளியே போகச் சொன்னது. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த மனிதர் ஊர்ப் பூங்காவில் உட்கார்ந்து அழுததைத் தாமே எழுதியிருக்கிறார். அவர் பெயரை மறைத்தது ஏமாற்றுவதற்காக அல்ல, இரவு தலை சாய்க்க. மறைக்கிறவனைப் பார்த்து 'ஏன் மறைத்தாய்' என்று கேட்பதற்கு முன்னால், சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்குமா என்று கேட்க வேண்டும்.

நான் வங்கியில் கிளார்க். சாதிச் சான்றிதழ் கொடுத்து ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவன். அது என் உரிமை, அதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் முதல் நாள் கிளைக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே என் சாதி அங்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ரோஸ்டர் பதிவேடு ஒதுக்கீட்டைக் காப்பதற்கான பதிவேடு. அதைத் திறந்து பார்த்துவிட்டு டீ நேரத்தில் பேசுவதற்கானது இல்லை. ஒரு தகவல் எதற்காகக் கேட்கப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுமா, இல்லை அலமாரியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிக்குமா? ஊனத்தைச் சொல்லச் சொல்கிறவர்களிடமும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"அப்படியென்றால் 'தலித்' என்று நாம் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டது தவறா?" என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 1990-91 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி இங்கே 'தலித்' என்ற பெயர் எழுந்தபோது, இழிவென்று ஒளித்து வைத்ததை நெஞ்சில் குத்திக்கொண்டோம். ஆனால் அதை எங்கே சொன்னோம்? தெருவில், மேடையில், பத்திரிகையில், ஆயிரம் பேராகச் சேர்ந்து சொன்னோம். ஹெச்ஆர் அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு கட்டத்தில் டிக் அடித்துச் சொல்லவில்லை. இரண்டுக்கும் 'வெளிப்படுத்துதல்' என்று ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது தொழிற்சாலைக்குள் போவோம். வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் பவர் பிரஸ் என்ற எந்திரம். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மிதிக்க வேண்டும். டார்கெட் ஏறும்போது இந்த மூன்றும் வரிசை தப்புகிறது. 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் வாகனத் துறையில் கை நசுங்குகிறவர்களைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது. விரல் போவதில் முதலிடம் பவர் பிரஸ்ஸுக்குத்தான். இன்னொன்றையும் அது திரும்பத் திரும்பச் சொல்கிறது: அடிபட்ட பலருக்கு இஎஸ்ஐ அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது.

விரலுக்கு விலையும் உண்டு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆட்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. இஎஸ்ஐ சட்டத்திலும் இதே கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் இவற்றின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. விரலுக்கு விழுக்காடு போடுகிற முறை மாறவில்லை.

ஏகலைவனுக்கு 30. துரோணர் கேட்டார், அவன் கொடுத்தான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பாரதம் அதை மனமுவந்து தந்த குருதட்சணை என்றுதான் சொல்கிறது. தாமாக முன்வந்தான்! கேட்கிறவன் குரு, கொடுக்கிறவன் காட்டுப் பையன் என்கிறபோது 'தாமாக' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கும்? சூப்பர்வைசருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் நடுவிலும் அதே எடைதான். வில்லாளிக்குக் கட்டைவிரல் போனால் 30 போகாது, நூறும் போய்விடும் என்பது அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியாததல்ல.

இதில் ஒரு சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள். இழப்பீட்டு விழுக்காடு வேறு, ஊனச் சான்றிதழின் விழுக்காடு வேறு. அளக்கிற வழிகாட்டிகள் தனித்தனி. சான்றிதழில் 40 விழுக்காடு இருந்தால்தான் ஒதுக்கீடு. விரல்கள் போன ஆள் பலமுறை எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறான். கம்பெனிக்கு அவன் உற்பத்தி குறைந்தவன், அரசாங்கத்துக்குப் போதுமான அளவு ஊனம் இல்லாதவன். அடுத்த கம்பெனியில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறான்.

காது இன்னும் மோசம், ஏன்னா அது வெளியே தெரியாது. பிரஸ் ஷாப்பில் பத்து வருஷம் வேலை பார்த்த ஒருவர், மனைவி பேசுவது கேட்காமல் டி.வி. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறார். கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் பக்கத்து ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சமாளிக்கிறார். ஆனால் இரைச்சலால் வரும் கேள்வி இழப்பு, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. தெரிவிக்க வேண்டியது யார்? நிர்வாகமும் பார்க்கிற மருத்துவரும். காதைக் கெடுத்தது எந்திரம்; ஆனால் அது அவருடைய சொந்த ரகசியம் மாதிரி அவரே சுமக்கிறார். கல்குவாரித் தூசியில் வரும் சிலிக்கோசிஸும் அதே பட்டியலில்தான் இருந்தது.

பெண்களுக்கு இது வேறு மாதிரி. ஹாஸ்டலில் தங்கி லைனில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு வலிப்பு இருந்தால் மாத்திரையைக் கூட அரிசி மாவு டப்பாவில்தான் ஒளித்து வைக்கிறாள். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும், ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நிற்கும். 1999-இல்தான் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பை எடுத்தார்கள். ஊனமுற்றோர் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பு தனியாக இல்லை. அந்தப் பெண் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்? 'உண்டு' என்றால் பாதுகாப்பு இல்லை, 'இல்லை' என்றால் நைட் ஷிப்ட்.

சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. 1995 சட்டம் 3 விழுக்காடு ஒதுக்கீடு தந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் அதை 4 ஆக்கியது. வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்றும் சொன்னது. கவனியுங்கள், 20-ஆம் பிரிவின் இந்தக் காவல் அரசு நிறுவனத்துக்கு மட்டும். தனியாருக்கு? ஊக்கத்தொகை கொடுத்து 5 விழுக்காடு எடுக்கச் சொல்லலாம் என்று நிற்கிறது சட்டம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947 தொழிற்தகராறு சட்டத்திலோ, 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' என்று காரணம் எழுதி வேலையிலிருந்து நிறுத்தினால் அது ஆட்குறைப்புக் கணக்கிலேயே வராமல் இருந்தது. ஆக, சிப்காட்டில் வாய் திறக்கிறவனுக்கு அரசு ஊழியனுக்கு இருக்கிற வேலி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் 'தைரியமாச் சொல்லுப்பா' என்று நிரந்தர வேலையில் இருக்கிற நான் சொல்ல மாட்டேன்.

அரசு வேலையிலும் வேலி தானாக வேலை செய்துவிடவில்லை. பஞ்சாப் மின்வாரியத்தில் லைன்மேன் வேலை பார்த்த பகவான் தாஸ் 1994-இல் முழுதாகப் பார்வை இழந்தார். (நம் இயக்கத்து அறிஞர் பகவான் தாஸ் வேறு, இவர் வேறு.) 1996-இல் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்: என்னால் முடியவில்லை, ஓய்வு கொடுங்கள், என் மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள். வாரியம் என்ன செய்தது? ஓய்வை மட்டும் எடுத்துக்கொண்டது. தாமாகக் கேட்டார், கொடுத்தோம் என்றது. அப்போது 1995 சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. உனக்கு வேலையில் நீடிக்க உரிமை இருக்கிறது என்று அவரிடம் ஓர் அதிகாரியும் சொல்லவில்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம், இது விருப்ப ஓய்வு ஆகாது, சட்டம் தெரிந்த அதிகாரிகள் சட்டம் தெரியாத தொழிலாளியிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது. பார்வையற்ற ஒருவர் பன்னிரண்டு வருஷம் அலைந்தார்.

மறைத்தாலும் விலை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. மாலையானால் கண் மங்குகிற ஒரு கேஷியரை எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கட்டில் நோட்டுக் குறைந்தது, கைக்காசு கட்டினார், மூன்றாவது முறை சார்ஜ் மெமோ. கண் என்ற பேச்சே விசாரணையில் வரவில்லை, 'கவனக்குறைவு' என்றார்கள். சாதி தெரிந்த இடத்தில் கவனக்குறைவு என்பது சீக்கிரம் கைக்கு வருகிற சொல். இப்படிப்பட்டவர்களுக்கு 2021 டிசம்பரில் வந்த ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பைச் சொல்லுங்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி, மனநோய் இருந்தவர், நடத்தை விதிகளின் கீழ் விசாரணை. உச்ச நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. தண்டனைக்கு ஊனம் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது. தாமதமாகச் சொன்னாலும் சொன்னதற்கு மதிப்பு உண்டு என்று நான் இதைப் படிக்கிறேன்.

நமக்கு இரட்டைச் சான்றிதழ். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மொத்த மக்களில் ஊனமுற்றோர் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 2.45. சத்துக் குறைவு, தடுப்பூசி வராத சேரி, ஆபத்தான வேலை எல்லாம் சேர்ந்த கூடுதல் அது என்பது என் கணிப்பு. ஆனால் ஒதுக்கீட்டில்? 1992 இந்திரா சஹானி தீர்ப்பு, சாதி ஒதுக்கீடு செங்குத்து, ஊன ஒதுக்கீடு கிடைமட்டம் என்றது. மத்திய அரசுப் பணியில் ஊனமுற்றோர் இடங்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. தேர்வானவர் தலித் என்றால் அவரைத் தலித் இடத்தில் கணக்கு வைப்பார்கள். அந்த 4-இல் நமக்கென்று ஒன்றாவது வரும் என்ற உறுதி கிடையாது. நகரத்துப் பள்ளி, பயிற்சி மையம், ஸ்கேன் செய்து சான்றிதழ் வாங்கும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள். ஊனமுற்றோர் சங்கத்தில் சாதி பேசக் கூடாது, தலித் அமைப்பில் ஊனம் பேச நேரமில்லை. நடுவில் நிற்கிறவர் எந்தத் தாளில் எதை டிக் அடிப்பது?

2024-இல் ஒரு பயிற்சி ஐஏஎஸ் அதிகாரியின் சான்றிதழ்கள் பொய் என்று குற்றச்சாட்டு வந்து யுபிஎஸ்சி அவரது தேர்வை ரத்து செய்தது. அந்தச் சூட்டில் ஒரு மூத்த ஐஏஎஸ் அதிகாரி, ஊனமுற்றவரை விமானியாக வைப்பீர்களா, ஐஏஎஸ் வேலைக்கு மட்டும் ஏன் ஒதுக்கீடு என்று எழுதினார். இந்தக் குரல் நமக்குப் பழகிய குரல். தகுதி, திறமை! ஒருத்தர் பொய் சொன்னால் மொத்தப் பேரையும் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள்.

ஆகவே என் கருத்து இது: தாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். 2016 சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனமும், தனியார் உட்பட, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், ஆணையரிடம் பதிய வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் கம்பெனி, ஊனமுற்றோருக்கு என்ன வசதி, எந்தெந்த வேலைகள், தொடர்பு அதிகாரி யார் என்பதையும் அதில் எழுத வேண்டும் என்பது 2017 விதி. இணையத்திலோ எல்லோரும் பார்க்கிற இடத்திலோ வைக்க வேண்டும். அதாவது முதலில் வெளிப்படுத்த வேண்டியது கம்பெனி. அவன் சுவரில் ஒட்டட்டும், பிறகு இவன் வாய் திறப்பதைப் பற்றிப் பேசலாம். உங்கள் ஆலையில் அந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அறையில் எத்தனை கை எழும்?

சொல்ல முடிவெடுக்கிறவரும் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்ல வேண்டாம். எழுத்தில், தொடர்பு அதிகாரிக்கு, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. நோயின் பெயரை விடத் தேவையை முதலில் எழுதலாம்: எனக்கு இரவு ஷிப்ட் கூடாது, எனக்கு உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும். சங்கம் இருந்தால் சங்கத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். 2017 விதிகளே நிறுவனம் ஊனமுற்ற ஊழியரின் பெயர், முகவரி, ஊனத்தின் தன்மை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதச் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டை யார் திறக்கலாம் என்று கேட்பதும் நம் வேலை. 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023 தரவுச் சட்டமோ வேலை சம்பந்தமான தேவைக்கு ஒப்புதல் இல்லாமலே முதலாளி தகவலைக் கையாளலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது.

கல்லூரித் தோழர்களுக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தெந்தக் கம்பெனி சம வாய்ப்புக் கொள்கையைப் பதிவு செய்திருக்கிறது என்று மாநில ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டும். பத்து ரூபாய் ஸ்டாம்ப். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை என்று தாலுகா வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனேக்கல் பக்கத்துக் கம்பெனிகளுக்கான மனு பெங்களூருக்குப் போக வேண்டும், அதனால் கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பேனாவோடு இந்த மேசைக்கு வாருங்கள். தளி பஸ் பிடிக்க வேண்டியவர்களின் மனுவை முதலில் எழுதிவிடுவோம்.